நான்கு சிவப்புக் கேன்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் புல்தரையே ஓடுபாதையாக அமைந்த சிறு விமானத் திடல்கள் பல உண்டு. அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரமும் இராது, எரிபொருள் நிரப்பும் பம்பும் இராது. தகரக் கொட்டகைகள் ஒரு வரிசை, காற்றின் திசை காட்டும் துணிக்குழல் ஒன்று, அதற்கப்பால் சோளக்காடு. அத்தகைய ஒரு திடலில், ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் தம் இருவர் அமரும் விமானத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். அதனை அவர் எந்த நிறுவனத்திடமும் வாங்கவில்லை. வீட்டுக் கார் கொட்டகையில் 11 ஆண்டுகள் உழைத்துத் தாமே கட்டினார். அமெரிக்க விதிப்படி ஒரு விமானத்தின் பெரும்பகுதி வேலையை, அதாவது பாதிக்கு மேல், தன் கல்விக்காகவோ மகிழ்ச்சிக்காகவோ செய்தவர் அதனைப் பரிசோதனை வகையில் பதிவு செய்து பறக்கலாம். இத்தகையோருக்கென 1953-இல் தொடங்கப்பட்ட பரிசோதனை விமானச் சங்கம் பிறந்ததும் இதே மாநிலத்தின் மில்வாக்கி நகரில்தான்.

விமானம் கட்டுவதைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. கட்டி முடித்த பின் ஒவ்வொரு வாரமும் அதற்கு எரிபொருள் கொண்டுவந்து ஊற்றுவதைப் பற்றி எழுத எவருக்கும் ஆர்வம் இருப்பதில்லை. ஆசிரியரின் துன்பம் அங்கேதான் தொடங்கியது.

அவருடைய எந்திரம் ரோட்டாக்ஸ் 912 வகை. ஆஸ்திரியாவில் தயாராகும் இந்த எந்திரம் காருக்கு ஊற்றும் பெட்ரோலிலேயே நன்றாக ஓடும். விமானத் திடல்களில் விற்கும் நீலநிற விமானப் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை காரீயம் கலந்திருக்கலாம். அந்தக் காரீயம் இந்த எந்திரத்தின் எண்ணெயிலும் உட்பாகங்களிலும் படியும். ஆதலால் அதனைப் பெரும்பாலும் பயன்படுத்துவோர் எண்ணெயை இருமடங்கு விரைவாக மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே அவர் ஊருக்குள் உள்ள பெட்ரோல் நிலையத்தில், எத்தனால் கலவாத உயர்ரகப் பெட்ரோலை நான்கு சிவப்புக் கேன்களில் வாங்கி, வண்டியில் வைத்துத் திடலுக்குக் கொண்டுவருவார். ஒரு கேன் 19 லிட்டர். இந்த எந்திரத்துக்கு அது ஏறத்தாழ ஒரு மணி நேரப் பறத்தல். நிறைகேன் ஒன்றின் எடை 14 கிலோ. விமானத்தின் இறக்கையோ தலைக்கு மேலே இருக்கிறது; தொட்டியின் வாய் இறக்கையின் மேற்புறத்தில். ஏணியில் ஏறி, ஒரு கையால் புனலைப் பிடித்து, மறு கையால் கேனைச் சாய்க்க வேண்டும்.

அறுபத்தெட்டாம் வயதில் அவருக்கு வலத்தோளில் அறுவை மருத்துவம் நடந்தது. அதற்குப் பிந்திய கோடையில் ஒரு சனிக்கிழமை, இரண்டு கேன்களை ஊற்றியதும் தோள் வலித்தது. மூன்றாவது கேனைப் பார்த்தார். செல்ல வேண்டிய தொலைவு அதிகமில்லை; தொட்டியில் பழைய மிச்சமும் இருந்தது; போதும் என்று ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். போகும்போது எல்லாம் சரியாக இருந்தது. திரும்பும்போது எதிர்க்காற்று அவர் கணக்கிட்டதைவிட வலுவாக வீசியது. திடலில் இறங்கி எந்திரத்தை நிறுத்தியபின் தொட்டியின் கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். இடப்பக்கக் குழாயில் எதுவுமே தெரியவில்லை. வலப்பக்கத்தில் ஒரு விரற்கடை அளவு இருந்தது. ஊற்றாமல் விட்ட இரண்டு கேன்களும் கொட்டகையின் நிழலில் அப்படியே நின்றிருந்தன.

அன்று அவர் மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்துக் கொட்டகைக்காரரான இளம் விவசாயியிடம் மட்டும் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. "உங்கள் கணக்கில் பிழையில்லை, ஊற்றுவது கடினமாக இருந்ததால்தான் போதும் என்று தோன்றியிருக்கிறது" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பொறியியல் கற்போர் சற்று நின்று பார்க்க வேண்டும். எரிபொருள் தீர்ந்து விழும் விமானங்களைப் பற்றிப் பேசும்போது, விமானியின் கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். ஆனால் எவ்வளவு ஊற்றுவது என்னும் முடிவு தாளில் மட்டும் எடுக்கப்படுவதன்று. ஏணியின் உயரம், கேனின் எடை, புனலின் அகலம், மழை வருமா என்னும் ஐயம் எல்லாம் அம்முடிவுக்குள் சத்தமின்றி நுழைந்துவிடுகின்றன.

பாடகர் ஜான் டென்வரின் மறைவு இதற்குப் பலரறிந்த சான்று. 1997 அக்டோபர் 12 அன்று, கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், தாம் சில நாள்களுக்கு முன்பே வாங்கிய லாங்-ஈஸி என்னும் வீட்டுக்கட்டு விமானத்தில் அவர் விழுந்து இறந்தார். அந்த விமானத்தைக் கட்டியவர் வேறொருவர். இரண்டு தொட்டிகளுக்கிடையே எரிபொருளை மாற்றிவிடும் திருகின் கைப்பிடியை, வரைபடத்தில் காட்டிய இடத்தில் வைக்காமல், விமானியின் இடத்தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார் அவர். அதனைத் திருப்ப வேண்டுமானால் உடலை முறுக்கித் திரும்ப வேண்டும். புறப்படுமுன் அந்தத் தொல்லையைப் பற்றித் தொழில்நுட்பர் ஒருவருடன் டென்வர் பேசியிருக்கிறார். கைப்பிடியை நீட்டிக்க ஒரு பிடிகுறடை மாட்டியும் பார்த்திருக்கிறார்கள். எரிபொருள் வேண்டுமா என்று கேட்டபோது, ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வானில் ஒரு தொட்டி வற்றியபோது கையைப் பின்னால் நீட்டித் திரும்பினார். அந்த முறுக்கலில் அவருடைய வலக்கால் சுக்கான் மிதியை அழுத்திவிட்டது என்பதே தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. எரிபொருள் நிரப்பாமற் புறப்பட்டது, கைப்பிடி கைக்கெட்டாமலும் குறியிடப்படாமலும் இருந்தது, அளவு காட்டும் குழாய்களில் அளவுக்கோடு இல்லாதது, புதிய விமானத்தில் போதிய பயிற்சி இல்லாதது ஆகியவற்றையும் வாரியம் காரணங்களும் துணைக்காரணங்களுமாகச் சேர்த்தது. கட்டியவர் கைப்பிடிக்கு இடம் தேர்ந்த நாளுக்கும் டென்வர் விழுந்த நாளுக்கும் இடையே ஆண்டுகள் பல. கட்டுமானத்தின்போது எடுத்த ஒரு சிறு முடிவு அத்தனை காலம் காத்திருந்தது.

ஆசிரியருக்கு அந்த நிகழ்ச்சி நன்கு தெரியும். தாம் கட்டிய விமானத்தில் திருகு முழங்காலுக்கு முன்னால், பார்த்தவுடன் கைபடும் இடத்தில் இருக்கிறது. ஆனால் ஏணியைப் பற்றி எவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

இனிக் கேன்களை விட்டுவிட்டு, சக்கரத்திலோ வண்டியிலோ ஏற்றிச் செல்லத்தக்க ஒரு தொட்டியும் பம்பும் வேண்டும் என்று முடிவு செய்தார். வாங்குவதா, கட்டுவதா? விமானத்தையே கட்டியவருக்கு இக்கேள்வியே ஒரு சிறு அவமதிப்பாகப்பட்டிருக்கக்கூடும். அலுமினியத் தகடு கொட்டகையில் மிச்சமிருந்தது. பற்றவைக்கத் தெரியும். வாழ்நாள் முழுவதும் மாணவர்களுக்கு அதைத்தான் கற்பித்தார். உள்ளே எரிபொருள் அலையாதிருக்கத் தடுப்புத் தகடுகள், மேலே காற்றுப்போக்கி, அடியில் நீர் தங்குவதற்கு ஒரு குழி, அதன் கீழே வடிகால் என்று ஒரு மாலையில் வரைபடம் முடிந்துவிட்டது. மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றை அடைத்துச் சோப்பு நீர் தடவி ஒழுக்குப் பார்ப்பதும் அவருக்குப் பழகிய வேலை.

விவசாயி தம்மிடமிருந்த வழியைக் காட்டினார். பண்ணை வண்டிகளின் பின்தளத்தில் பொருத்தும் பெரிய தொட்டிகள், 12 வோல்ட் பம்புடன், எல்லா விவசாயக் கடைகளிலும் கிடைக்கும். 380 லிட்டர் கொள்ளும். நிமிடத்துக்கு 57 லிட்டர் இறைக்கும். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை டீசலுக்கு மட்டுமே உரியவை. டீசலின் ஆவி சாதாரண வெப்பத்தில் எளிதில் பற்றாது. பெட்ரோலின் ஆவியோ பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் பற்றும். டீசல் பம்பின் மோட்டாருக்குள் எழும் சிறு பொறிகளைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. அதே பம்பில் பெட்ரோலை இறைப்பது வேறு கதை. தொட்டியின் மேல் ஒட்டியுள்ள ஒரு சிறு ஒட்டுத்தாள்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறது. வெயிலில் அந்தத் தாள் இரண்டே ஆண்டில் வெளுத்துப் போகும்.

சட்டம் இங்கே விந்தையான இடத்தில் நிற்கிறது. 450 லிட்டருக்கு மேற்பட்ட கலங்களை அமெரிக்கப் போக்குவரத்து விதிகள் மொத்தக் கொள்கலம் என்று வகுத்துக் கடுமையாக நடத்துகின்றன. ஆனால் வணிக நோக்கமின்றித் தன் சொந்த வண்டியில் தனக்கென எடுத்துச் செல்லும் தனியாரை அந்த அபாயப்பொருள் விதிகள் ஏறத்தாழத் தொடுவதே இல்லை. ஆக, ஒரு ஒப்பந்தக்காரர் செய்தால் தண்டனைக்குரியதை ஓர் ஆர்வலர் தாராளமாகச் செய்யலாம். விதி இல்லாத இடத்தில் அறிவுதான் வேலை செய்ய வேண்டும். அறிவோ இந்தத் துறையில் உள்ளுணர்வுக்கு நேரெதிராக இருக்கிறது.

சான்றாக ஒன்று. பெட்ரோல் நிறைக்க உலோகக் கேன் பாதுகாப்பா, பிளாஸ்டிக் கேன் பாதுகாப்பா? உலோகம் என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். பிளாஸ்டிக் உறை விரித்த வண்டித் தளத்தின்மேல் வைத்து நிறைத்தால் விடை தலைகீழாகிவிடுகிறது. குழாய் வழியாகவும், அதைவிட மிகுதியாக வடிகட்டி வழியாகவும் ஓடும் பெட்ரோல் மின்னேற்றத்தைச் சுமந்துகொண்டு கேனுக்குள் இறங்குகிறது. உலோகக் கேன் தரையில் இருந்தால் ஏற்றம் மண்ணுக்குள் போய்விடும். கேனுக்கும் தரைக்கும் நடுவே பிளாஸ்டிக் உறை இருந்தால் போக வழியில்லை. கேனின் மேற்பரப்பு முழுவதும் மின்னேற்றம் சேர்ந்து, பம்பின் மூக்கு விலகி அருகில் வரும் கணத்தில் மொத்தமும் ஒரே பொறியாகப் பாயும். மின்கடத்தாப் பிளாஸ்டிக்கின் ஏற்றம் அவ்வாறு ஒரே சமயத்தில் ஓரிடத்துக்கு ஓடி வர இயலாது. இளநிலை இயற்பியலில் மின்தேக்கியின் ஆற்றலைக் கணக்கிட்டவர் எவரும் இதனைத் தாமே போட்டுப் பார்க்கலாம். கேனின் மின்தேக்குதிறன் 20 பிக்கோபாரட், மின்னழுத்தம் 10,000 வோல்ட் என்று கொண்டால் ஆற்றல் 1 மில்லிஜூல். பெட்ரோல் ஆவியும் காற்றும் தகுந்த அளவில் கலந்திருக்கையில், பற்றவைக்க அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். விரல் நுனியில் உணர முடியாத அளவுக்குச் சிறிய பொறி அது. பிளாஸ்டிக் உறையிட்ட வண்டித் தளங்களில் கேன்களை நிறைத்தபோது தீப்பற்றிய நிகழ்ச்சிகளுக்குப் பின், 1998-இல் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வை, பம்பின் மூக்கு கேனின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும் என்பதே அதன் சாரம். நம் ஊர்ப் பெட்ரோல் நிலையங்களில் வண்டியில் அமர்ந்தபடியே மடியில் கேனை வைத்து நிறைத்துக்கொள்வோரை நினைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் இதுவரை நான்கு கேன்களையும் வண்டித் தளத்தில் வைத்தபடியே நிறைத்துவந்தார். அவருடைய வண்டியிலும் கறுப்புப் பிளாஸ்டிக் உறை இருந்தது. அவற்றுள் இரண்டு கேன்கள் உலோகம். பத்தாண்டுகளாக எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காத பத்தாண்டுகளைச் சான்றாகக் கொள்வது எத்தகைய பிழை என்பதைப் புள்ளியியல் கற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை.

இதனால் வண்டித் தொட்டியும் பம்பும் உடனே தீர்வாகிவிடவில்லை. தொட்டி, குழல், பம்பின் மூக்கு, விமானத்தின் உடல், தரை ஆகிய ஐந்தும் ஒரே கம்பியால் இணைந்திருக்க வேண்டும். மூடியைத் திறக்குமுன்பே இணைந்திருக்க வேண்டும். அவருடைய விமானம் எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. இறக்கைக்குள் அலுமினியத் தொட்டிகள். கவ்வியை எங்கே மாட்டுவது? துணியில் மாட்டிப் பயனில்லை. வெளியேற்றுக் குழாயில் மாட்டலாம். ஆனால் தொட்டியின் வாய்க்கும் எஃகுச் சட்டத்துக்கும் இடையே உலோகத் தொடர்பு உண்டா? கட்டும்போது தொட்டிகளை அதிர்விலிருந்து காக்கத் தக்கைப் பட்டைகளின்மேல் அமர்த்தி, ரப்பர்க் குழலால் இணைத்திருந்தார். மின்தடை அளவியை எடுத்துப் பார்த்தார். தொடர்பே இல்லை. தொட்டியின் வாய் ஒரு தீவாக நின்றது. ஐந்தாண்டுகளாக அந்தத் தீவில்தான் அவர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தார். இறக்கையடியில் உள்ள ஆய்வு மூடியைக் கழற்றி, தொட்டியின் விளிம்பிலிருந்து சட்டத்துக்குப் பின்னிய செம்புப் பட்டை ஒன்றைப் பொருத்த அரை நாள் பிடித்தது. கண்ணாடியிழை விமானங்களில் இதைப் பின்னால் செய்வது இன்னும் கடினம். அச்சில் வார்க்கும்போதே கம்பியைப் பதித்திருக்க வேண்டும்.

பிறகு அளவு பற்றிய கேள்வி. 380 லிட்டர் தொட்டி இருந்தால் ஊருக்குப் போகும் வேலை மாதத்துக்கு ஒருமுறை, சிலவேளை இருமாதத்துக்கு ஒருமுறைதான். வசதிதான். ஆனால் பெட்ரோல் என்பது ஆண்டு முழுவதும் ஒரே பொருள் அன்று. அமெரிக்காவில் கோடையில் விற்கும் பெட்ரோலின் ஆவியழுத்தத்துக்குச் சட்ட வரம்பு உண்டு. பெரும்பாலான இடங்களில் அது 62 கிலோபாஸ்கல். குளிர்காலத்திலோ, உறைபனியிலும் கார் கிளம்ப வேண்டும் என்பதற்காக, 103 வரை போகலாம். விமானப் பெட்ரோலுக்கு 38 முதல் 49 வரைதான். இவ்வளவும் 38 டிகிரி வெப்பத்தில் அளக்கப்படுபவை. வளிமண்டல அழுத்தம் கடல்மட்டத்தில் 101 என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும். மார்ச்சு மாதம் வாங்கி நிறைத்த குளிர்காலப் பெட்ரோல், மே மாத வெயிலில் சூடேறிய எந்திர உறைக்குள் செல்லும் குழாயில் கொதிக்கும் நிலைக்கு அருகில் வந்துவிடும். குழாயில் ஆவிக்குமிழி அடைத்தால் பம்ப் ஆவியைத்தான் இறைக்கும். எந்திரம் திணறும், அதுவும் பெரும்பாலும் தரையில் நின்று சூடேறிப் புறப்பட்டு மேலெழும் நேரத்தில். ஆக, பெரிய தொட்டி பயணத்தை மிச்சப்படுத்தி, பருவத்தைத் தவறவிடச் செய்கிறது. அலுப்பூட்டிய அந்தச் சிறு கேன்கள் எப்போதும் அந்தந்த வாரத்துப் பெட்ரோலையே கொண்டுவந்திருந்தன.

நீரும் உண்டு. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை உள்வாங்கித் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். 10 விழுக்காடு எத்தனால் உள்ள கலவை 15 டிகிரியில் ஏறத்தாழ அரை விழுக்காடு நீரைத் தாங்கும். குளிர்ந்தால் தாங்கும் திறன் குறையும். அப்போது நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். மேலே நிற்கும் பெட்ரோல் எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்ததாகிவிடும். உயரே ஏறக் குளிரும் ஒரு விமானத்தில் இது நிகழ விரும்புவார் எவருமில்லை. விஸ்கான்சினில் படகுக்காரர்கள் புண்ணியத்தில் எத்தனாலற்ற பெட்ரோல் எளிதில் கிடைக்கிறது. இந்தியாவில் இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்க, இதே வகை எந்திரத்தை இங்கே வைத்திருப்போரின் நிலை தனியாக எழுதத்தக்கது. எத்தனால் கொள்கையைப் பற்றிய நம் விவாதங்கள் கரும்பு, அன்னியச் செலாவணி, கார் மைலேஜ் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன.

இறுதியில் ஆசிரியர் தொட்டியைக் கட்டவில்லை. அவருக்கு அது எளிதாக இருந்ததாகத் தெரியவில்லை. வரைபடத்தை மடித்துக் கருவிப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார். பற்றவைத்த மூட்டு குண்டும் குழியுமான சாலையில் ஆண்டுக்கணக்காகக் குலுங்கினால் எங்கே விரிசல் விடும் என்பது அவருக்குப் பிறரைவிட நன்றாகத் தெரியும். விமானத்தில் அவர் செய்த மூட்டு விரிந்தால் ஆபத்து அவருக்கு. நெடுஞ்சாலையில் பெட்ரோல் தொட்டியின் மூட்டு விரிந்தால் ஆபத்து பின்னால் வரும் வண்டிக்காரருக்கு. இந்த வேறுபாட்டை விவசாயியிடம் சொன்னபோது, "அப்படியானால் வாங்கிவிடுங்கள்" என்று அவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

பெட்ரோலுக்கென்றே ஒப்புதல் பெற்ற, இரண்டு சக்கரமுள்ள 95 லிட்டர்த் தொட்டி ஒன்றை வாங்கினார். மோட்டார் இல்லை, கையால் சுழற்றும் பம்பு. நிறைந்தால் ஏறத்தாழ 70 கிலோ பெட்ரோல். அதை வண்டியில் ஏற்றி இறக்க முடியாது. எனவே தாழ்வான சிறு இழுவைத் தட்டு ஒன்றை அவரே செய்தார். உறை இல்லாத வெற்று எஃகுத் தளம், தொட்டி உருளாமலிருக்கத் தாங்கிகள், நிலத்தில் அடிக்கும் செம்புக் கோல், இரு கவ்விகள், நீரைத் தடுக்கும் வடிகட்டி. கைப்பம்பு மெதுவாக இறைப்பது அவருக்குக் குறையாகப்படவில்லை. வடிகட்டியைக் கடந்த பெட்ரோலின் ஏற்றம் தணிய அது சிறிது நேரம் தருகிறது. ஏணி மட்டும் இன்னும் இருக்கிறது. இப்போது அதில் ஏறும்போது அவர் கையில் 14 கிலோ இல்லை, குழலின் மூக்குதான் இருக்கிறது.

தொட்டியின் பக்கத்தில் வெள்ளை ஒட்டுநாடா ஒன்று. வாங்கிய தேதியை அதில் எழுதுகிறார். ஏப்ரல் பிறந்ததும் தொட்டியில் எஞ்சியிருக்கும் குளிர்காலப் பெட்ரோல் முழுவதும் மனைவியின் காருக்கும் புல்வெட்டும் எந்திரத்துக்கும் போய்விடும். புதிய நாடா ஒட்டப்படும். பழைய நான்கு கேன்களில் உலோகக் கேன்கள் இரண்டையும் விவசாயி கேட்டு வாங்கிக்கொண்டார். கொடுக்குமுன் அவருடைய வண்டித் தளத்தில் என்ன விரித்திருக்கிறது என்று ஆசிரியர் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.